தண்டவாளம் முடியும் கரை

நுழையும்முன்

கட்டடங்கள் கல்லாலும் இரும்பாலும் எழுகின்றன. அவற்றை நிலைநிறுத்துபவை மக்களின் நினைவும் அக்கறையும்தாம். ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரையில், இரயிலும் கப்பலும் சந்திக்கும் நிலையம் ஒன்று 150 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. அது தோன்றிய கதையையும், தளர்ந்த கதையையும், மக்கள் கைகொடுக்க மீண்டெழுந்த கதையையும் தம் குடும்ப நினைவுகளோடு இணைத்துச் சொல்கிறார் கட்டுரையாளர்.

என் தந்தை இரயில்வே ஊழியர். மீட்டர்கேஜ் பாதையில் அமைந்த சிறிய நிலையங்களில் பயணச்சீட்டு எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரவு உணவுக்குப்பின் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லும் கதைகளில் இரயில் வராத கதை ஒன்றுகூட இராது. அவற்றுள் அவர் அடிக்கடி சொன்னது, தம் பத்தாம் வயதில் தாத்தாவின் விரலைப் பற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குச் சென்ற பயணக்கதை.

சென்னையிலிருந்து புறப்படும் 'போட் மெயில்' இரயில், தனுஷ்கோடித் துறையில் பயணிகளை இறக்கிவிடும். அங்கிருந்து நடந்துசென்று கப்பலேறினால் இலங்கையின் தலைமன்னார். "இரயிலின் ஊதல் ஒரு காதில், கப்பலின் சங்கொலி மறு காதில். அந்தச் சிறிது தூர நடையை நான் மறக்கவே மாட்டேன் அம்மா" என்பார். அவர் நடந்த அந்த நிலையத்தை நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயலில் அது கடலுக்கு இரையாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், கிளாஸ்கோ நகரில் ஆய்வுப் படிப்பு மேற்கொண்டிருந்த என் மகளைக் காணக் கோடை விடுமுறையில் சென்றிருந்தேன். ஒருநாள் காலை அவள், "அம்மா, தாத்தா சொல்வாரே, இரயிலிலிருந்து இறங்கிக் கப்பலுக்கு நடப்பது பற்றி? அப்படி ஓர் இடம் இங்கே இருக்கிறது. வா, காட்டுகிறேன்" என்றாள். அன்று நான் கண்ட நிலையத்தின் பெயர் வீம்ஸ் பே.

கரையை நாடிய இருப்புப்பாதை

கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து வீம்ஸ் பே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான பயணம். நகரத்தைக் கடந்ததும் இரயில் கிளைடு ஆற்றின் தென்கரையை ஒட்டி மேற்கு நோக்கிச் செல்கிறது. முதலில் ஆறாகத் தெரியும் நீர்ப்பரப்பு, போகப்போக அகன்று கடலின் முகத்துவாரமாக விரிகிறது. போர்ட் கிளாஸ்கோ என்னும் ஊரில் பாதை இரண்டாகப் பிரிய, எங்கள் இரயில் கிரீனக் நகரின் பின்புறமுள்ள மேட்டில் ஏறியது. நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் 1736இல் பிறந்த ஊர் கிரீனக். சன்னலின் வழியே கீழே நோக்கினேன். வீட்டுக் கூரைகளுக்கு அப்பால் நீலமும் சாம்பலும் கலந்த நீரும், அதற்கும் அப்பால் மலைகளும் தெரிந்தன.

இந்த நீர்ப்பரப்புதான் நிலையத்தின் வரலாற்றுக்குத் தொடக்கம். 1812ஆம் ஆண்டில் ஹென்றி பெல் என்பவர் 'காமெட்' என்னும் நீராவிப் படகைக் கிளைடு ஆற்றில் ஓட்டினார். ஐரோப்பாவில் பயணிகளுக்காக வணிகமுறையில் இயங்கிய முதல் நீராவிப் படகு அதுவே. அதன்பின் கிளைடு முகத்துவாரத்தில் நீராவிப் படகுகள் பெருகின. ஆலைப்புகையில் வாழ்ந்த கிளாஸ்கோ மக்களுக்கு, எதிரே கிடக்கும் தீவுகளும் கரையோர ஊர்களும் காற்று வாங்கும் இடங்களாயின. அவற்றுள் முதன்மையானது பியூட் தீவிலுள்ள ராத்சே நகரம்.

ஆனால் நகரின் நடுவிலிருந்து ஆற்றுவழியே கடலை அடையப் படகுகளுக்கு நெடுநேரம் பிடித்தது. பயணிகளைக் கரையின் முனைவரை இரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து குறுகிய கடற்பயணமாகத் தீவுக்கு அனுப்பினால் நேரம் மிச்சமாகும் என்று இருப்புப்பாதை நிறுவனத்தார் கணக்கிட்டனர். அவ்வெண்ணத்தின் பயனாக, போர்ட் கிளாஸ்கோவிலிருந்து பிரிந்து செல்லும் பாதை 1865ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வீம்ஸ் பே வரை திறக்கப்பட்டது. தண்டவாளம் முடியும் இடத்தில் கப்பல்துறை தொடங்கியது. அதைக் கட்டிய கிரீனக் - வீம்ஸ் பே இருப்புப்பாதை நிறுவனம், 1893இல் கலிடோனியன் இருப்புப்பாதை நிறுவனத்தோடு இணைந்தது.

அக்காலத்தில் கிளைடு கரையில் இருப்புப்பாதை நிறுவனங்களுக்கிடையே கடும்போட்டி நிலவியது. எவருடைய இரயிலும் கப்பலும் பயணிகளைத் தீவில் முதலில் சேர்க்கின்றன என்பதே பேச்சு. போட்டியில் வெல்ல, வேகமான கப்பல்கள் மட்டும் போதவில்லை. இரயிலிலிருந்து இறங்கும் பெருங்கூட்டம் தடுமாறாமல் கப்பலை அடையவும் வேண்டும். நாளுக்குநாள் பெருகிய கூட்டத்திற்குப் பழைய நிலையம் போதாமற்போகவே, அது இடிக்கப்பட்டு 1903ஆம் ஆண்டில் புதிய நிலையம் எழுந்தது. நான் கண்டது அந்த நிலையத்தைத்தான்.

நீரோட்டம்போல் ஒரு கட்டடம்

இரயிலை விட்டு இறங்கியவுடன் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. நடைமேடை நேராகச் செல்லவில்லை; மெல்ல வளைந்து சென்றது. அதன் மேல் கண்ணாடிக் கூரை. இரும்பு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைத் தாங்கி நின்றன. எங்கும் பூத்தொட்டிகள் தொங்கின. நடைமேடையின் முடிவில் வட்டமான ஒரு கூடம். அதன் நடுவே வளைந்த முகப்பையுடைய பயணச்சீட்டு அறை. அவ்வறையின் உச்சியிலிருந்து இரும்புச் சட்டங்கள், குடையின் கம்பிகளைப் போல எல்லாத் திசைகளிலும் விரிந்து கண்ணாடிக் கூரையை ஏந்தியிருந்தன. வெயில் அக்கண்ணாடியின் வழியே இறங்கித் தரையில் சட்டங்களின் நிழலைக் கோலமாக வரைந்திருந்தது.

வட்டக் கூடத்திலிருந்து அகன்ற நடைவழி ஒன்று கப்பல்துறை நோக்கி இறங்குகிறது. அதற்கும் கண்ணாடிக் கூரை உண்டு. அதுவும் வளைந்தே செல்கிறது. வழியில் படிக்கட்டு ஒன்றுகூட இல்லை. மெல்லச் சரியும் அந்தத் தளத்தில் முதியோர் தடுமாறாமல் நடக்கலாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிச் செல்லலாம். பெட்டி சுமப்பவர் மூச்சு வாங்காமல் இறங்கலாம். மழை மிகுந்த அக்கரையில், இரயிலிலிருந்து துறைவரை ஒரு துளியும் மேலே படாமல் செல்லலாம்.

இந்நிலையத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மில்லர். அவரோடு இணைந்து பணியாற்றியவர் கலிடோனியன் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் டொனால்டு மாத்தசன். அதே ஆண்டுகளில் கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்தை விரிவுபடுத்தியவர்களும் இவ்விருவரே. மக்கள்கூட்டம் ஓடும் நீரைப் போன்றது. தடையில்லாத வழியைத் தேடியே அது பரவிச் செல்லும் என்பது மாத்தசனின் கருத்து. கூர்மையான மூலையில் நீர் மோதித் தேங்கும். வளைவில் வழுக்கிச் செல்லும். ஆகவே அவர்கள் கட்டிய நிலையத்தில் மக்கள் நடக்கும் வழிகளில் வளைவுகள் மிகுந்தன. வளைவு அழகுக்காக மட்டும் வந்ததன்று. நடப்பவர்மேல் கொண்ட அக்கறையால் வந்தது. அந்த அக்கறையே அழகாகவும் அமைந்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தால் நிலையம் மரச்சட்டங்கள் பதித்த சுவர்களோடு ஒரு கிராமத்து மாளிகையைப் போல் தோன்றுகிறது. அதன் சதுரமான மணிக்கூண்டு, கடலில் வருவோர்க்கும் கரையில் நிற்போர்க்கும் ஒருசேர நேரத்தைக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஜேம்ஸ் மில்லர் (1860 - 1947) ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களுள் ஒருவர். 1901ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியின் கட்டடங்களை வடிவமைத்தவர். 'லூசிட்டானியா' என்னும் பெரும் பயணிகள் கப்பலின் உள்ளரங்க வடிவமைப்பும் இவருடையதே.

விடுமுறையின் வாயில்

கிளாஸ்கோ அக்காலத்தில் கப்பல்களும் இரயில் எஞ்சின்களும் உருவான தொழில் நகரம். ஆண்டு முழுவதும் உலைகளின் வெப்பத்திலும் இரும்பின் ஓசையிலும் உழைத்த தொழிலாளர்க்கு, ஜூலைத் திங்களின் பிற்பாதியில் 'கிளாஸ்கோ விழா' என்னும் விடுமுறை வரும். தொழிற்சாலைகளும் பட்டறைகளும் மூடப்படும். குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கடற்கரைக்குப் புறப்படும். 'டூன் த வாட்டர்' என்று அதனை அம்மக்கள் தம் வழக்கில் குறிப்பிடுவர். ஆற்றுநீர் செல்லும் திசையில் கீழிறங்கிப் போதல் என்பது அதன் பொருள். நம் மக்கள் குற்றாலத்துக்கோ, திருச்செந்தூருக்கோ ஆண்டுதோறும் புறப்படும் பரபரப்பை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி நமக்கு எளிதில் விளங்கும்.

அந்நாள்களில் இந்த நடைவழியில் கூட்டம் நிறைந்திருக்கும். ஆண்டில் ஐம்பது வாரம் புகையைச் சுவாசித்த ஒரு சிறுவன், இந்தக் கண்ணாடிக் கூரையின்கீழ் இறங்கி நடக்கும்போது, வளைவின் மறுமுனையில் கடலின் முதல் ஒளியைக் கண்டிருப்பான். அவனைப் பொறுத்தவரை விடுமுறை தீவில் தொடங்கவில்லை. இந்த நடைவழியிலேயே தொடங்கிவிட்டது. பத்து வயதுச் சிறுவனாகத் தனுஷ்கோடித் துறையில் நடந்த என் தந்தையை அவனருகில் வைத்துப் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மொழியும் நாடும் வேறானவர்கள். ஆயினும் இரயிலுக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட அந்த நடையில் இருவர் நெஞ்சமும் ஒன்றுபோலவே துடித்திருக்கும்.

ஆள் குறைந்த காலம்

1923இல் கலிடோனியன் நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைக்கப்பட்டது. 1948இல் பிரித்தானிய இருப்புப்பாதைகள் நாட்டுடைமையாயின. 1967இல் வீம்ஸ் பே பாதை மின்மயமானது. நீராவி எஞ்சினின் புகை மறைந்தது; கூடவே பயணிகளின் கூட்டமும் குறையத் தொடங்கியது. மக்களிடம் கார்கள் பெருகின. விமானப் பயணக் கட்டணம் குறைந்ததும், ராத்சேக்குச் சென்ற குடும்பங்கள் வெயில் மிகுந்த ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைகளுக்குப் பறக்கத் தொடங்கின. கிளைடு கரையில் இரயிலும் கப்பலும் சந்தித்த பிரின்சஸ் பியர், ஃபேர்லி பியர் முதலிய நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

வீம்ஸ் பே மூடப்படவில்லை. பியூட் தீவின் மக்கள் அன்றாடத் தேவைகளுக்காக வந்துசெல்ல அதுவே வாயிலாக இருந்தது. எனினும் பெருங்கூட்டத்திற்காகக் கட்டப்பட்ட பெரிய கட்டடத்தைச் சிறிய கூட்டத்தின் வருவாயைக் கொண்டு பேணுவது எளிதன்று. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மழைநீர் கண்ணாடியின் விளிம்புகளில் கசியும். மரம் உளுக்கும். கடலோரத்தில் நிற்கும் எந்தக் கட்டடத்திற்கும் இவை மூன்றும் ஓயாத பகை. பேணுவார் இல்லையெனில் காலம் அதனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

காக்கும் கைகள்

வட்டக் கூடத்தின் ஒரு பக்கத்தில் பழைய நூல்களை விற்கும் சிறு கடை இருந்தது. உள்ளே எழுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் இரயில்வே ஊழியர் அல்லர். ஊதியம் பெறுபவரும் அல்லர். 2009ஆம் ஆண்டில் 'வீம்ஸ் பே நிலைய நண்பர்கள்' என்னும் பெயரில் ஊர்மக்கள் அமைத்த தன்னார்வக் குழுவைச் சேர்ந்தவர். நூல்களை விற்பதும், பூத்தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவதும், வருவோர்க்கு நிலையத்தைச் சுற்றிக்காட்டி அதன் வரலாற்றைச் சொல்வதும் அக்குழுவினர் விரும்பிச் செய்யும் பணிகள்.

"சிறுமியாக இருந்தபோது ஒவ்வோர் ஆண்டும் இந்த வழியாகத்தான் தீவுக்குப் போவேன். அப்பா ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொள்வார்" என்றார் அவர். பேசும்போது அவருடைய கண்கள் நடைவழியின் பக்கம் சென்று மீண்டன. "இது பாழாவதைப் பார்த்துக்கொண்டு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கலானார். பெரிய செயலைப் பற்றிச் சொல்கிறோம் என்னும் எண்ணம் அவர் குரலில் இல்லை.

மக்களின் அக்கறை அரசின் கதவுகளையும் திறந்தது. இருப்புப்பாதை நிறுவனமும் உள்ளாட்சி மன்றமும் ஸ்காட்லாந்து அரசும் கைகோத்துப் பல இலட்சம் பவுண்டு செலவில் பெரும் சீரமைப்பை மேற்கொண்டன. 2014இல் தொடங்கிய அப்பணி 2016இல் நிறைவுற்றது. அரிக்கப்பட்ட இரும்பும் உடைந்த கண்ணாடியும் உளுத்த மரமும் புதுப்பிக்கப்பட்டன. 1903ஆம் ஆண்டின் வடிவம் சிதையாமல் காக்கப்பட்டது. மறு ஆண்டில் எழுத்தாளர் சைமன் ஜென்கின்ஸ், பிரித்தானியாவின் மிகச்சிறந்த 100 இரயில் நிலையங்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு மிக உயரிய ஐந்து விண்மீன் தகுதியை வழங்கினார். நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுள் இது முதல்தரமான 'ஏ' பிரிவைச் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. இந்நிலையம் காட்சிக்கூடமாக மாற்றப்படவில்லை. இரயில் வருகிறது, கப்பல் காத்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் வணிகரும் அந்த நடைவழியில் இறங்கிச் செல்கின்றனர். பயன்படுவதே அதன் உயிர்.

கடல் கொண்டதும் கைவிட்டதும்

நானும் மகளும் நடைவழியில் இறங்கிக் கப்பலேறினோம். ராத்சேக்கு 35 நிமிடப் பயணம். கப்பலின் பின்புறத்தில் நின்று, சிறிதாகிக்கொண்டே போகும் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் நெஞ்சில் எழுந்தது தனுஷ்கோடி அன்று. என் தந்தை கடைசியாகப் பணியாற்றிய எங்கள் ஊர் நிலையம்.

அது ஒரு சிறிய நிலையம். ஓடு வேய்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், தேக்கு மரத்தில் செய்த நீண்ட இருக்கை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். அந்த இருக்கையில் அமர்ந்துதான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். பெயர்ப்பலகையிலிருந்த எங்கள் ஊரின் பெயரே நான் முதன்முதலில் படித்த சொல். இருபது ஆண்டுகளுக்கு முன், பாதை அகலமாக்கப்பட்டபோது அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. புதிய பாதை வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் பழைய கட்டடத்தின் ஓர் அறையையாவது, அந்த இருக்கையையாவது காக்கவேண்டும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்போது நான் ஆசிரியராகப் பணியில் இருந்தேன். வரலாற்றைப் போற்ற வேண்டும் என்று வகுப்பில் நாள்தோறும் சொன்ன நானும் ஒரு விண்ணப்பம் எழுதவில்லை. இடிபாடுகளுக்கு நடுவில் என் தந்தை சிறிதுநேரம் நின்றார். "மரத்தையாவது விட்டு வைத்தார்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கடல்கோளைப் பற்றிப் பாடல்களிலும் உரைகளிலும் படித்து வளர்ந்தவர்கள் நாம். கடல் கொண்ட ஊர்களுக்காக வருந்துகிறோம்; அது முறைதான். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. மனிதரால் அதைத் தடுக்க இயலவில்லை. எங்கள் ஊர் நிலையத்தை எந்தக் கடலும் கொள்ளவில்லை. நாம் கைவிட்டோம். கடல் கொண்டதற்கு வருந்தலாம். கைவிட்டதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது எங்கோ வடகோடியில் உப்புக்காற்றில் நிற்கும் ஓர் இரயில் நிலையம்.

மாலையில் அதே கப்பலில் திரும்பினோம். இம்முறை நடைவழியில் மேல்நோக்கி ஏறினோம். புத்தகக் கடையை மூடிவிட்டு அந்த அம்மையார் பூவாளியோடு தொட்டிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தலையசைத்துப் புன்னகைத்தார். மகள் என் கையைப் பற்றி, "என்னம்மா யோசிக்கிறாய்?" என்றாள். "ஊருக்குப் போனதும் ஒரு வேலை இருக்கிறது" என்றேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் என் மாணவர்களை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர் நிலையத்திற்குச் சென்றேன். பழைய கட்டடம் இல்லை. வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் அமர்ந்து, அந்த நிலையத்தில் பணியாற்றியவர்களின் நினைவுகளைத் தொகுத்து எழுதத் தொடங்கினோம். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினர். பழைய பயணச்சீட்டு ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். நிழற்படம் ஒன்றை மற்றொருவர் தந்தார். என் தந்தை வந்து மரத்தடியில் அமர்ந்து, கேட்ட பிள்ளைகளுக்குத் தனுஷ்கோடிக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். மாணவி ஒருத்தி அதனைச் சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைமையான பொதுக்கட்டடம் ஒன்றின் வரலாற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'கடல் கொண்டதற்கு வருந்தலாம். கைவிட்டதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும்' - இக்கூற்றின் பொருத்தத்தைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதியிலுள்ள பேருந்து நிலையத்தையோ இரயில் நிலையத்தையோ நேரில் கண்டு, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எளிதில் பயன்படுத்த ஏற்றவாறு அது அமைந்துள்ளதா என ஆராய்ந்து, செய்ய வேண்டிய மாற்றங்களை விண்ணப்பமாக எழுதுக.